நிகழ்பட ஆட்ட ஒலி விளைவு

நிகழ்பட ஆட்ட ஒலி விளைவு என்பது கணினி, கைப்பேசி, ஆட்டக்கருவி ஆகியவற்றில் ஆடப்படும் ஆட்டங்களில் இசையும் உரையாடலும் நீங்கலாக எழும் ஒலிகளைக் குறிக்கும். காலடி ஓசை, கதவு திறக்கும் ஓசை, பந்து மட்டையில் படும் ஓசை, பொத்தானை அழுத்துகையில் எழும் சிறு ஒலி ஆகியன இவ்வகையைச் சேர்ந்தவை. ஆடுபவரின் செயலுக்கு ஆட்டம் அளிக்கும் மறுமொழியாக அமைவதே இவ்வொலிகளின் முதன்மையான இயல்பு ஆகும்.

ஒலி விளைவுகளை உருவாக்க விலை உயர்ந்த ஒலிப்பதிவுக் கூடம் தேவை என்னும் கருத்து பரவலாக உள்ளது. எனினும் ஒரு கைப்பேசி, ஒரு கட்டற்ற மென்பொருள், வீட்டில் கிடைக்கும் பொருள்கள் ஆகியவற்றைக் கொண்டே தொடக்கநிலையாளர் ஒருவர் ஒரு சிறிய ஆட்டத்திற்கு வேண்டிய ஒலிகள் அனைத்தையும் உருவாக்கிவிட இயலும். இக்கட்டுரை அதன் அடிப்படைகளை, செட்டிநாட்டு வீடொன்றின் முற்றத்தில் ஆடப்படும் பல்லாங்குழியை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறது.

திரைப்பட ஒலியிலிருந்து வேறுபாடு

திரைப்படத்தில் ஒரு கதவு எப்பொழுது திறக்கும் என்பது முன்பே முடிவு செய்யப்பட்டது. ஒலி வல்லுநர் அக்கணத்திற்கேற்ற ஒலியை ஒருமுறை பொருத்தினால் போதும். ஆட்டத்திலோ கதவு எப்பொழுது திறக்கும், எத்தனை முறை திறக்கும் என்பது ஆடுபவரின் கையில் உள்ளது. ஆகவே ஆட்ட ஒலிக்கு மூன்று தேவைகள் எழுகின்றன:

1. விரைவு: செயலும் ஒலியும் ஒன்றாக நிகழ வேண்டும். பத்தில் ஒரு நொடி தாமதமானாலும் இரண்டும் பிரிந்து தோன்றும்.
2. வேறுபாடு: ஒரே ஒலி நூறு முறை திரும்பக் கேட்டாலும் சலிப்பு ஏற்படக் கூடாது.
3. செய்தி: என்ன நடந்தது என்பதைத் திரையைப் பார்க்காமலேயே ஒலி ஓரளவு உணர்த்த வேண்டும்.

வரலாறு

திரையொலியும் காரைக்குடியும்

காட்சியையும் ஒலியையும் தனித்தனியே உருவாக்கிப் பின்னர் இணைக்கலாம் என்னும் கருத்தே எல்லா ஒலி விளைவுகளுக்கும் அடிப்படை. அமெரிக்காவில் யுனிவர்சல் நிறுவனத்தில் பணியாற்றிய ஜாக் ஃபோலி, 1920களின் இறுதியில் பேசும் படங்கள் தோன்றிய காலத்தில், திரையில் ஓடும் காட்சியைப் பார்த்துக்கொண்டே காலடி ஓசை முதலியவற்றை எழுப்பிப் பதிவு செய்யும் முறையை வளர்த்தார். இம்முறை இன்றும் அவர் பெயராலேயே ஃபோலி என வழங்கப்படுகிறது.

தமிழ்த் திரையுலகில் இக்கருத்தின் தொடக்கக் காலம் காரைக்குடியைச் சேர்ந்த ஏ. வி. மெய்யப்பனுடன் தொடர்புடையது. இசைத்தட்டு வணிகத்தில் ஈடுபட்டிருந்த அவர், 1938 இல் வெளியான நந்தகுமார் திரைப்படத்தில் நடித்தவரின் குரலுக்கு மாற்றாக லலிதா வெங்கட்ராமனின் குரலைப் பயன்படுத்தினார். இது தமிழில் பின்னணிப் பாடலின் முன்னோடி முயற்சிகளுள் ஒன்றாகக் குறிப்பிடப்படுகிறது. கன்னடத்தில் எடுக்கப்பட்ட அரிச்சந்திரா திரைப்படம் 1944 இல் தமிழுக்கு ஒலிமாற்றம் செய்யப்பட்டு வெளியானது. 1945 இல் ஏவிஎம் நிறுவனம் தொடங்கப்பட்ட பின் காரைக்குடியில் படப்பிடிப்புத் தளம் அமைக்கப்பட்டது. 1947 இல் வெளியான நாம் இருவர் திரைப்படம் அங்கு எடுக்கப்பட்டதாகும். 1948 இல் தளம் சென்னைக்கு மாறியது.

ஆட்டக்கருவிகளின் ஒலி

1972 இல் அட்டாரி நிறுவனம் வெளியிட்ட பாங் ஆட்டத்தில் பந்து மட்டையில் படும்போது எழும் ஒலி புகழ்பெற்றது. அதனை வடிவமைத்த ஆலன் அல்கார்ன், ஒலிக்கெனத் தனி மின்சுற்று எதையும் சேர்க்காமல், படத்தைத் திரையில் ஒழுங்குபடுத்தும் சுற்றில் ஏற்கனவே இருந்த அதிர்வெண்களையே ஒலியாக மாற்றினார். கையில் இருப்பதைக் கொண்டு ஒலி உருவாக்குதல் என்னும் மரபு இத்துறையின் பிறப்பிலேயே உள்ளது எனலாம்.

1978 இல் சப்பானின் டைட்டோ நிறுவனம் வெளியிட்ட ஸ்பேஸ் இன்வேடர்ஸ் ஆட்டத்தில் நான்கு தாழ்ந்த சுரங்கள் திரும்பத் திரும்ப ஒலிக்கும். பகைவரின் எண்ணிக்கை குறைந்து அவர்களது நகர்வு விரைவுபடும்போது இவ்வொலியும் விரைவுபடும். ஆட்டத்தின் நிலையை ஒலியே அறிவித்தமைக்கு இது தொடக்கக் கால எடுத்துக்காட்டு.

1982 இல் வெளிவந்த கொமடோர் 64 கணினியில் இருந்த சிட் சில்லு ஒரே நேரத்தில் மூன்று ஒலிகளைத் தொகுக்க வல்லது. 1990களில் குறுந்தட்டுகள் பரவியபின் பதிவு செய்யப்பட்ட ஒலிகளைப் பெருமளவில் பயன்படுத்துவது வழக்கமாயிற்று.

தமிழர் வாழ்வைக் களமாகக் கொண்ட ஆட்டங்களுள் கனடாவின் டொரோண்டோ நகரைச் சேர்ந்த விசை கேம்ஸ் நிறுவனம் 2023 இல் வெளியிட்ட வெண்பா குறிப்பிடத்தக்கது. 1980களில் கனடாவிற்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தைப் பற்றிய இந்த ஆட்டத்தில் இட்லி முதலிய உணவுகளைச் சமைப்பதே ஆடுபவரின் செயல். ஆகவே அடுக்களை ஒலிகள் இதில் இன்றியமையாத இடம் பெறுகின்றன. இந்த ஆட்டம் 2024 இல் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக ஆட்டத்திற்கான விருதைப் பெற்றது.

ஒலியின் அடிப்படைகள்

ஒலி என்பது காற்றில் பரவும் அழுத்த மாற்றம். ஒரு நொடியில் ஏற்படும் அதிர்வுகளின் எண்ணிக்கை அதிர்வெண் ஆகும். இது ஹெர்ட்ஸ் என்னும் அலகால் அளக்கப்படுகிறது. மனிதச் செவி ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை உணர வல்லது. அதிர்வின் அளவு வீச்சு எனப்படும். அதிர்வெண் உயர்ந்தால் சுருதி உயரும். வீச்சு மிகுந்தால் உரப்பு மிகும்.

கணினி ஒலியை எண்களாகச் சேமிக்கிறது. நொடிக்கு 44,100 முறை அலையின் அளவை எடுத்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட் எண்ணாக எழுதுவது குறுந்தட்டின் முறை. கேட்கத்தக்க மிக உயர்ந்த அதிர்வெண்ணைப் போல் இரு மடங்குக்கு மேல் அளவெடுத்தால்தான் அலையைச் சரியாக மீட்க இயலும் என்பதால் இவ்வீதம் தேர்ந்தெடுக்கப்பட்டது. இம்முறையில் ஒற்றைத் தட ஒலி ஒரு நொடிக்கு 88,200 பைட்டு இடம் கொள்ளும்.

ஓர் ஒலியை அடையாளம் காண அதன் சுருதி மட்டும் போதாது. அது எவ்வாறு எழுந்து எவ்வாறு அடங்குகிறது என்பதும் முக்கியம். இவ்வடிவம் ஒலியின் உறை எனப்படுகிறது. எழுச்சி, தணிவு, நீடிப்பு, விடுப்பு என இதனை நான்கு பகுதிகளாகப் பிரிப்பர். மரத்தில் தட்டும் ஒலிக்கு எழுச்சி மிகக் குறுகியது, நீடிப்பு இல்லை. கோயில் மணிக்கு எழுச்சி குறுகியது, விடுப்பு நீண்டது. மணியொலிப் பதிவில் தொடக்கத்தை மட்டும் வெட்டி நீக்கினால் அது மணி என்றே தோன்றாது. பதிவை வெட்டும்போது தொடக்கநிலையாளர் இதனை நினைவில் கொள்ள வேண்டும்.

உருவாக்கும் முறைகள்

பதிவு செய்தல்

பொருள்களை இயக்கி ஒலிவாங்கியால் பதிவு செய்வது முதல் முறை. பதிவுக்கு ஓசை குறைந்த விடியற்காலை ஏற்றது. மின்விசிறி, குளிர்பதனப் பெட்டி ஆகியவற்றை நிறுத்திவிட வேண்டும். கைப்பேசியைப் பயன்படுத்தினால் அழைப்புகள் வாராமல் தடுத்து, மேசையின் அதிர்வு ஏறாதவாறு மடித்த துணியின்மேல் வைக்கலாம். ஒலிக்கும் பொருளுக்கு ஒரு சாண் தொலைவில் ஒலிவாங்கி இருந்தால் அறையின் ஒலி குறைந்து பொருளின் ஒலி தெளிவாகும்.

பதிவின் அளவு உச்சத்தைத் தொடக் கூடாது. தொட்டால் அலையின் முனைகள் வெட்டுப்பட்டுக் கரகரப்பு உண்டாகும். பின்னர் இதனை முழுமையாகச் சரிசெய்ய இயலாது. தொடக்கத்தில் சில நொடிகள் எதுவும் செய்யாமல் அறையின் அமைதியைப் பதிவு செய்வது நன்று. பின்னணி இரைச்சலை மென்பொருளால் நீக்க இது மாதிரியாக உதவும்.

ஒரு பொருளின் ஒலிக்கு அப்பொருளையே பதிவு செய்ய வேண்டும் என்பதில்லை. இரு கொட்டாங்கச்சிகளைத் தரையில் மாறி மாறித் தட்டினால் குதிரைக் குளம்பொலி கிடைக்கும். நெகிழித் தாளைக் கசக்கினால் தீ எரியும் ஓசை போலிருக்கும். துணிக்குடையை விரைவாக விரித்து மூடினால் பெரிய பறவையின் சிறகடிப்பு தோன்றும். பலகாரம் பொரியும் ஒலி தொலைவில் பெய்யும் மழையை ஒத்திருக்கும். செவி பொருளை அறிவதில்லை, அலைவடிவத்தையே அறிகிறது.

செயற்கையாகத் தொகுத்தல்

சைன், சதுரம், முக்கோணம், ரம்பப்பல் ஆகிய எளிய அலைவடிவங்களையும் இரைச்சலையும் கொண்டு கணினியிலேயே ஒலியை உருவாக்குவது இரண்டாம் முறை. சதுர அலையின் சுருதியைக் கால் நொடிக்குள் விரைவாக உயர்த்தினால் தாவும் ஒலி உண்டாகும். இரைச்சலை உரக்கத் தொடங்கி மெல்ல அடக்கினால் வெடியொலி உண்டாகும். 2007 இல் டோமஸ் பெட்டர்சன் உருவாக்கிய எஸ்எஃப்எக்ஸ்ஆர் என்னும் சிறு மென்பொருள் இத்தகைய ஒலிகளை ஒரு பொத்தானில் உருவாக்கித் தரும். 48 மணி நேரத்தில் ஆட்டம் உருவாக்கும் லுடும் டேர் போட்டியாளர்களுக்காக எழுதப்பட்ட இது, கற்பவருக்கும் ஏற்ற கருவியாக விளங்குகிறது.

அடுக்குதல்

பல ஒலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒரே ஒலியாக்குவது மூன்றாம் முறை. பெரிய மரக்கதவு மூடும் ஒலிக்குத் தாழ்ப்பாளின் உலோக ஒலி, மரத்தின் மோதல், தாழ்ந்த அதிர்வு ஆகிய மூன்றை அடுக்கலாம். இப்பணிக்கு ஆடாசிட்டி என்னும் கட்டற்ற மென்பொருள் போதுமானது. 2000 ஆம் ஆண்டு முதலாக வெளியிடப்பட்டுவரும் இது, விண்டோஸ், லினக்ஸ், மேக் இயங்குதளங்களில் இயங்கும்.

எடுத்துக்காட்டு: முற்றத்தில் பல்லாங்குழி

சிவகங்கை மாவட்டத்தின் காரைக்குடியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் உள்ள நகரத்தார் வீடுகள் நீண்ட அமைப்புடையவை. முகப்பைக் கடந்தால் தூண்கள் சூழ்ந்த முற்றமான வளவு வரும். கதவுகளும் தூண்களும் பெரும்பாலும் பர்மாத் தேக்கால் ஆனவை. சுவர்கள் சுண்ணாம்புச் சாந்தால் வழவழப்பாகப் பூசப்பட்டவை. பல வீடுகளின் தரையில் அருகிலுள்ள ஆத்தங்குடியில் கையால் செய்யப்படும் சிமெண்டு ஓடுகள் பதிக்கப்பட்டுள்ளன. இத்தகைய வளவில் இருவர் பல்லாங்குழி ஆடுவதாக ஒரு கணினி ஆட்டத்தை அமைப்பதாகக் கொள்வோம்.

பலகையில் வரிசைக்கு ஏழாகப் பதினான்கு குழிகள் உள்ளன. ஆடுபவர் ஒரு குழியின் காய்களை அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாக இடுவார். கைக்காய் தீர்ந்தபின் அடுத்த குழி வெறுமையாக இருந்தால் அதனைத் துடைத்து, அதற்கடுத்த குழியின் காய்களை எடுத்துக்கொள்வார். ஒரு குழியில் நான்கு காய் சேர்ந்தால் அது பசு எனப்படும். இச்செயல்களிலிருந்து பின்வரும் ஒலிப் பட்டியல் கிடைக்கிறது:

- வெறுங்குழியில் காய் விழுதல்: 5 பதிவுகள்
- காயுள்ள குழியில் காய் விழுதல்: 5 பதிவுகள்
- காய்களை அள்ளுதல்: 3 பதிவுகள்
- குழியைத் துடைத்தல்: 3 பதிவுகள்
- பசு சேர்தல்: 1
- ஆட்டம் முடிதல்: 1
- வளவின் பின்னணி ஒலி: 1, ஒரு நிமிட அளவு

இப்பட்டியலில் முதலிரண்டும் வெவ்வேறாக இருப்பதைக் கவனிக்க வேண்டும். வெறுங்குழியில் விழும் புளியங்கொட்டை மரத்தில் மோதுகிறது. காயுள்ள குழியில் அது மற்றொரு கொட்டையில் மோதுகிறது. முதலாவது தாழ்ந்த ஒலி. இரண்டாவது கூர்மையான, சிறு உருளலுடன் கூடிய ஒலி. இரண்டையும் தனித்தனியே பதிவு செய்தால், குழி வெறுமையா நிறைவா என்பதை ஆடுபவர் செவியாலேயே அறிவார். பார்வைக் குறைபாடு உடையவருக்கு இது மேலும் உதவும். ஒரே ஒலியை இரண்டுக்கும் பயன்படுத்தினால் பல்லாங்குழியின் ஓசை இருக்கும். அது சொல்லும் செய்தி இராது. புளியங்கொட்டைக்கு மாற்றாகச் சோழியைப் பயன்படுத்தினால் ஒலி இன்னும் கூர்மையாகும்.

மேற்கண்ட 18 சிறு பதிவுகளும் அரை நொடி அளவின எனக் கொண்டால், ஒற்றைத் தடத்தில் அவை மொத்தம் 7,93,800 பைட்டு மட்டுமே. ஒரு நிமிடப் பின்னணி ஒலி மட்டும் ஏறத்தாழ 53 இலட்சம் பைட்டு ஆகும். எனவே சிறு ஒலிகளைச் சுருக்காமல் வைத்துப் பின்னணியை மட்டும் சுருக்குவது வழக்கம்.

இடத்தின் ஒலி

சிறிய அறையில் பதிவு செய்த காய் விழும் ஓசை வளவில் விழுவதாகத் தோன்ற, எதிர்முழக்கம் சேர்க்கப்பட வேண்டும். காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்லும். சுவர் 17 மீட்டர் தொலைவில் இருந்தால் ஒலி சென்று திரும்பப் பத்தில் ஒரு நொடி ஆகும். செவி அதனைத் தனி எதிரொலியாக உணரும். சுவர் அருகில் இருந்தால் திரும்பும் ஒலிகள் மூல ஒலியுடன் கலந்து எதிர்முழக்கமாகின்றன. ஓடு பதித்த தரையும் வழவழப்பான சுவரும் ஒலியை மிகுதியாகத் திருப்பும். வளவின் திறந்த மேற்புறம் ஒலியை வெளியேற்றிவிடும். ஆகவே ஒரே வீட்டில் வளவிற்கு ஓர் ஒலியும், கூரையுள்ள கூடத்திற்கு மற்றோர் ஒலியும் அமைகின்றன.

ஓர் இடத்தின் எதிர்முழக்கத்தை அப்படியே பிடிக்கவும் இயலும். அவ்விடத்தில் ஒரு பலூனை உடைத்து, அவ்வொலி முற்றிலும் அடங்கும் வரை பதிவு செய்ய வேண்டும். ஒரு கணமே நிகழும் வெடிப்புக்கு அவ்விடம் தரும் மறுமொழி இப்பதிவில் அடங்கியிருக்கும். எதிர்முழக்க மென்பொருள் ஒன்றில் இதனை மாதிரியாக அளித்தால், வேறெங்கோ பதிவு செய்த ஒலியை அவ்விடத்திலேயே எழுந்தது போல் மாற்றித் தரும்.

திரும்ப ஒலித்தலும் வேறுபாடும்

ஓர் ஆட்டத்தில் காய் விழும் ஒலி நூற்றுக்கணக்கான முறை கேட்கும். ஒரே பதிவை மீண்டும் மீண்டும் ஒலித்தால் செவி அதனை உடனே இயந்திர ஒலியாக இனங்காணும். இதனைத் தவிர்க்க இரு வழிகள் உள்ளன. முதலாவது, ஐந்து பதிவுகளுள் ஒன்றைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, முன் ஒலித்தது உடனே திரும்பாமல் பார்த்துக்கொள்வது. இரண்டாவது, ஒவ்வொரு முறையும் சுருதியையும் உரப்பையும் சிறிதளவு மாற்றுவது. சுருதியில் ஐந்து விழுக்காட்டிற்கு உட்பட்ட மாற்றமே போதும். மிகுந்தால் பொருளே மாறியது போல் தோன்றும். கோடோ போன்ற கட்டற்ற ஆட்டப் பொறிகளில் இவ்வசதி உள்ளமைந்தே கிடைக்கிறது.

கோப்பு வடிவங்கள்

வேவ் வடிவம் ஒலியைச் சுருக்காமல் சேமிக்கும்; விரித்தெடுக்கும் வேலை இல்லாததால் உடனே ஒலிக்கும். ஆக் வோர்பிஸ் வடிவம் சுருக்கிச் சேமிக்கும். நீண்ட பின்னணி ஒலிகளுக்கு ஏற்றது. எம்பி3 வடிவத்தில் தொடக்கத்திலும் முடிவிலும் சிறு அமைதி சேர்வதால், தொடர்ந்து சுழல வேண்டிய ஒலிகளில் இடைவெளி கேட்கக்கூடும்.

தொடக்கநிலையில் நேரும் பிழைகள்

- பதிவின் தொடக்கத்தில் அமைதியை வெட்டாமல் விடுதல். இதனால் செயலுக்குப் பின் தாமதமாக ஒலி எழும்.
- எல்லா ஒலிகளையும் ஒரே உரப்பில் அமைத்தல். அடிக்கடி கேட்கும் ஒலி மெலிதாகவும், அரிதாகக் கேட்கும் ஒலி உரப்பாகவும் இருப்பது நன்று.
- ஹெட்போனில் மட்டும் சரிபார்த்தல். கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியில் தாழ்ந்த அதிர்வெண்கள் பெரும்பாலும் கேட்பதில்லை.
- எல்லாவற்றிற்கும் எதிர்முழக்கம் சேர்த்தல். பட்டியல், பொத்தான் ஆகியவற்றின் ஒலிகள் ஆட்டக்களத்திற்கு வெளியே உள்ளவை. அவற்றிற்கு எதிர்முழக்கம் வேண்டியதில்லை.
- மூலப் பதிவை அழித்துவிடுதல். திருத்தப்படாத பதிவைத் தனியே சேமித்து வைக்க வேண்டும்.

உரிமம்

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957 இன்படி ஒலிப்பதிவுகளுக்கு, வெளியான ஆண்டை அடுத்து 60 ஆண்டுகள் காப்பு உண்டு. திரைப்படத்திலிருந்தோ பிற ஆட்டத்திலிருந்தோ ஒலியை வெட்டிப் பயன்படுத்துதல் கூடாது. பார்செலோனாவின் பொம்பேவ் ஃபாப்ரா பல்கலைக்கழகம் 2005 இல் தொடங்கிய ஃப்ரீசவுண்டு தளத்தில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களின் கீழ் ஒலிகள் கிடைக்கின்றன. இவற்றுள் சில ஆக்குநரின் பெயரைக் குறிப்பிடக் கோருவன. சில வணிகப் பயன்பாட்டைத் தடுப்பன. தரவிறக்கும்போதே ஒவ்வொன்றின் உரிமத்தையும் குறித்து வைப்பது பின்னர் வரும் குழப்பத்தைத் தவிர்க்கும்.

சொந்தப் பதிவுகளின் முக்கியத்துவம்

ஆயத்த ஒலித் தொகுப்புகள் எளிதில் கிடைப்பதால், பல ஆட்டங்களில் ஒரே கதவே திறக்கிறது. ஒரே மழையே பெய்கிறது. சொந்தமாகப் பதிவு செய்பவரின் ஆட்டத்தில் அவருடைய ஊரின் ஒலி இடம்பெறுகிறது.

செட்டிநாட்டைப் பொறுத்தவரை இதற்கு மற்றொரு காரணமும் உண்டு. செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014 இல் யுனெஸ்கோவின் உத்தேச உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. எனினும் உரிமையாளர்கள் வெளியூர்களில் வாழ்வதால் பல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. சில பிரிக்கப்பட்டு, அவற்றின் கதவுகளும் தூண்களும் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் விற்பனைக்கு வந்துள்ளன. பிரிக்கப்பட்ட கதவை வேறொரு வீட்டில் பொருத்தலாம். அக்கதவு மூடும்போது வளவு முழுதும் எழுந்த முழக்கத்தை எடுத்துச் செல்ல இயலாது. உரிமையாளரின் இசைவுடன் ஒரு பலூனையும் ஒரு கைப்பேசியையும் கொண்டு சென்று, வளவு, கூடம், முகப்பு என ஒவ்வோரிடத்திலும் சில நொடிகள் பதிவு செய்து, இடத்தின் பெயரையும் நாளையும் குறித்து வைத்தால், அம்முழக்கம் ஆட்டத்திற்கும் பயன்படும்; வீடு மறைந்த பின்னரும் கேட்கக் கிடைக்கும்.